படபடக்கும் நெஞ்சு பலவீன நெஞ்சா?

நெஞ்சு படபடவென்று அடித்தால் இதயத்தில் கோளாறு என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். தோவாளையில் பூ கட்டுகிறவரும் நாகர்கோவிலில் வங்கியில் உட்கார்ந்திருப்பவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபோலத்தான் பேசுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் கன்னியாகுமரி. அத்தனை படிப்பும் "ஹார்ட்டுல ஏதோ இருக்காம்" என்ற ஒற்றை வாக்கியத்தின் முன்னால் வாயடைத்துப் போகிறது. தெரியாத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் முடியவில்லை. இந்த நம்பிக்கை நல்ல உடம்போடு இருப்பவர்களைப் படுக்கையில் தள்ளுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எப்படித் தள்ளுகிறது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பழகிய காட்சி. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி. ஒரு பெண் எழுந்து உட்காருகிறாள். "எம்மா, நெஞ்சு கெடந்து அடிக்கு. செத்துருவேன் போல இருக்கு." உள்ளங்கை வியர்த்திருக்கிறது, விரல்நுனி மரத்திருக்கிறது, மூச்சு மேல்மூச்சாக வாங்குகிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, ரப்பர்க் குமிழ்களை ஒட்டி, கைகால்களில் கிளிப் மாட்டி ஈசிஜி எடுக்கிறார்கள். கட்டம் போட்ட தாளில் கோடு ஏறி இறங்கி வருகிறது. நிமிடத்துக்கு 118 துடிப்பு; வேகம் கூடுதல், வரிசையில் ஒரு பிசகும் இல்லை. மருத்துவர் "ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க" என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்து அனுப்புகிறார். வெளியே நெரிசல், அதற்கு மேல் பேச அவருக்கு நேரம் கிடையாது.

விடிந்ததும் பக்கத்து வீட்டுக்குச் செய்தி போகிறது: அவளுக்கு ஹார்ட்டு வீக்காம். அடுத்த வாரம் எக்கோ. அதற்கடுத்து டிரெட்மில். அதிலும் மனம் ஆறாவிட்டால் திருவனந்தபுரத்துக்கு ஒரு நடை. இதற்கிடையில் வீட்டில் சட்டங்கள் வந்துவிடுகின்றன. குடம் தூக்காதே, மாடிப்படி ஏறாதே, தனியாக பஸ்ஸில் போகாதே, சாவு வீட்டுக்கு வராதே. கல்யாணமாகாத பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம். வரன் வீட்டார் காதுக்குப் போகக்கூடாதென்று ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போகாமல் மறைக்கிறார்கள். சில மாதத்தில் அவள் தன் நாடியைத் தானே பிடித்துப் பிடித்துப் பார்க்கிறவளாக மாறியிருக்கிறாள். நாலு படி ஏறினால் இரைக்கிறது, ஏனென்றால் மாதக்கணக்காக அவள் நடக்கவே இல்லை. இரைப்பதைப் பார்த்து வீடு சொல்கிறது: "பாத்தியா, அப்பவே சொன்னோம்லா?"

அந்த இரவில் அவள் உடம்புக்குள் நடந்தது என்ன? பயம் வந்ததும், சிறுநீரகங்களின் மேல் குல்லா போல இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. நரம்பு வழியாகவும் இதயத்துக்கு உத்தரவு போகிறது. இதயத்தின் வலது மேலறையில், துடிப்பைத் தொடங்கி வைக்கும் ஒரு சிறு திசுப்பகுதி உண்டு. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை அடிக்க வைப்பது அதுதான். உத்தரவு வந்ததும் அது வேகத்தைக் கூட்டுகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ தசைகளுக்கு ரத்தம் வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. விளவங்கோட்டில் ரப்பர் மரம் வெட்டப் போனவர் எதிரே பாம்பைப் பார்த்தால் அவருக்கும் இதேதான் நடக்கும். அவருக்கு இதயம் பலவீனம் என்று யாரும் சொல்வதில்லை. பாம்பு கண்ணுக்குத் தெரிகிறது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்தவளின் பாம்பு வெளியே தெரியாது. கட்டவேண்டிய சிட்டித் தவணையாக இருக்கலாம், வளைகுடாவிலிருந்து மூன்று நாளாக வராத போன் அழைப்பாக இருக்கலாம், குடித்துவிட்டு வரும் கணவனாக இருக்கலாம். பகலெல்லாம் வேலையில் அமுங்கிக் கிடந்த வெப்ராளம், வீடு அடங்கிய பிறகு நெஞ்சில் வந்து ஏறுகிறது. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து வேகமாக ஓடிய இதயத்தைப் பழுது என்று சொல்வது பெரிய அநியாயம்.

இன்னொரு வகை படபடப்பு உண்டு. அதுதான் ஆளை அதிகம் மிரட்டும். நெஞ்சு ஒரு கணம் நின்றுபோய், பிறகு தொண்டைக்குழி வரை தூக்கிப்போட்டது போல ஓர் அடி. இல்லாத படியை இருக்கிறதென்று நினைத்துக் காலை ஊன்றும்போது வயிற்றில் ஒரு திடுக்கிடல் வருமே, அதுபோல. உண்மையில் இதயம் நிற்பதில்லை. ஒரு துடிப்பு தன் முறைக்குச் சற்று முந்தி வந்துவிடுகிறது; முந்தி வந்ததால் அது மெலிதாக இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. அதன் பின் சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் இதய அறையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ரத்தம் நிறைகிறது. அடுத்த துடிப்பு அதையெல்லாம் தள்ளவேண்டியிருப்பதால் பலமாக அடிக்கிறது. நாம் உணர்வது அந்த பலமான அடியைத்தான். ஒரு நாளில் இதயம் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. இடுப்பில் சிறு பெட்டியைக் கட்டி 24 மணி நேரம் பதிவெடுக்கும் ஹோல்டர் சோதனையை நோயில்லாதவர்களுக்குச் செய்து பார்த்தாலும், பெரும்பாலானவர்களிடம் இப்படி முந்தி வரும் துடிப்புகள் சில இருக்கும். உறக்கக் குறைவு, நாலாவது ஐந்தாவது கட்டஞ்சாயா, சிகரெட், குடித்த மறுநாள், காய்ச்சல் எல்லாம் அவற்றைக் கூட்டும். மனக்கவலை இரட்டிப்பு வேலை செய்யும்: துடிப்பையும் கூட்டும், அதைக் கவனிக்கும் காதையும் கூர்மையாக்கும்.

பயத்துக்கும் துடிப்புக்கும் இடையிலான இந்தச் சுழலை 1988-இல் எலர்ஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளரும் கூட்டாளிகளும் சோதனையில் காட்டினார்கள். திடீர்ப் பீதி வருகிறவர்களுக்கு அவர்களுடைய இதயத்துடிப்பு என்று சொல்லி ஓர் ஒலியைக் கேட்க வைத்தார்கள். நடுவில் அந்த ஒலியைப் பொய்யாக வேகப்படுத்தினார்கள். இதயம் வேகமாக அடிக்கிறது என்று நம்பிய மாத்திரத்தில் அவர்களுக்குப் பதற்றம் ஏறியது. நாடியும் ரத்த அழுத்தமும் நிஜமாகவே கூடின. பீதி நோய் இல்லாதவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அப்படியானால், "உனக்கு ஹார்ட்டு வீக்கு" என்று ஒரு குடும்பமே தினமும் ஒருத்தியின் காதில் ஓதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு ஒரு துயரமான வேர் இருக்கிறது. நம் பாட்டிமார் காலத்தில் சிறுவயதுத் தொண்டைப்புண்ணுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சல் ஏழைக் குழந்தைகளின் இதய வால்வுகளைச் சுருக்கிவிடும். வளர்ந்தபின் படபடப்பு, மூச்சிரைப்பு. முதல் பிரசவத்தோடு போய்ச்சேர்ந்த இளம்பெண்கள் எத்தனையோ பேர். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்ததால் இன்றும் பெரிய வியாதிக்கு வடமேற்கே திருவனந்தபுரம்தான் நமக்கு. அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உள்நாட்டிலேயே செயற்கை வால்வை உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தியது என்றால், அந்த வால்வு நோய் இந்த மண்ணில் எவ்வளவு உயிர்களைத் தின்றிருந்தது என்பதுதான் காரணம். படபடத்த பெண் செத்துப்போனதைக் கண்ணால் பார்த்த தலைமுறை பயந்ததில் குற்றமில்லை. ஆனால் இன்று ஸ்டெதாஸ்கோப்பும் ஒரு எக்கோவும் அந்த வால்வு நோயை அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும், அல்லது இல்லையென்று சொல்லிவிடும். இல்லையென்று சொன்ன பிறகும் பாட்டி காலத்துப் பயத்தைப் பேத்தி தலையில் கட்டுவதற்கு நியாயம் கிடையாது.

எக்கோ என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அறிக்கையின் கடைசியில் "ட்ரிவியல் எம்.ஆர்." என்று ஒரு வரி வரும். மிகச் சிறிய அளவில் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது என்று பொருள். நல்ல இதயங்களிலும் சாதாரணமாகக் காணப்படுவது. மருத்துவர் அதைப் பொருட்படுத்தாமல் விடுகிறார். வீட்டுக்கு வந்தபின் படித்த பையன் ஒருவன் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு செல்போனில் தேடுகிறான். "வால்வுல லீக்காம்" என்று ஊர் முழுக்கப் பரவுகிறது. மைட்ரல் வால்வு லேசாகப் பின்னால் வளைவதையும் ஒரு காலத்தில் மருத்துவ உலகமே பெரிதுபடுத்தியது. இருபதில் ஒருவருக்கு மேல் இருக்கிறது, படபடப்புக்கும் பதற்றத்துக்கும் அதுவே காரணம் என்றெல்லாம் எழுதினார்கள். 1999-இல் வெளியான அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு, சரியான அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது 2.4 சதவீதம் பேரிடம்தான் இருக்கிறது என்று காட்டி அந்தப் பேச்சை அடக்கியது. அறிக்கையில் இருக்கும் ஒவ்வொரு வரியும் நோய் ஆகாது. இதை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லும் கடமை அறிக்கை எழுதுகிறவருக்கும் கையெழுத்துப் போடுகிறவருக்கும் உண்டு.

படித்த மருத்துவர்களே இதில் வழுக்கிய வரலாறு பெரியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பும் நெஞ்சுவலியும் மூச்சிரைப்புமாக வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்களைப் பார்த்த டா கோஸ்டா என்ற மருத்துவர், 1871-இல் அதற்கு 'எரிச்சலுற்ற இதயம்' என்று பெயர் வைத்தார். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் பல்லாயிரம் பேர் 'சிப்பாய் இதயம்' என்று முத்திரை குத்தப்பட்டுப் படுக்கைக்கும் ஓய்வூதியத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். படுக்கப் போட்டதில் அவர்கள் தேறவில்லை. தாமஸ் லூயிஸ் என்ற இதய மருத்துவர் முறையை மாற்றினார்: படிப்படியாகக் கூட்டிய உடற்பயிற்சி. அதில் பலர் எழுந்து நடந்தார்கள். 1941-இல், அடுத்த உலகப்போரின் நடுவே, லண்டனில் பால் வுட் உடைத்துச் சொன்னார்: இது இதய நோயே இல்லை, பயத்தின் உடல்மொழி, இதயத்தில்தான் குறை என்ற எண்ணத்தை நோயாளியின் மனதில் ஊன்றுவதில் மருத்துவர்களுக்கும் பங்கு இருக்கிறது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. நாகர்கோவிலில் இன்னும் அதே முத்திரையைக் குத்திக்கொண்டிருக்கிறோம்.

நம்ம நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல்லாண்டு பணியாற்றிய சாமர்வெல், அந்த முதல் போரில் சோம் களத்தில் அறுவை மருத்துவராக இருந்தவர். அதே மனிதர் 1924-இல் ஆக்சிஜன் இல்லாமல் எவரெஸ்டில் 28,000 அடியை ஒட்டிய உயரம் வரை ஏறினார். அங்கே அவருடைய நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று நெய்யூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேகமாக அடிக்கத் தெரிவது இதயத்தின் திறமை.

இந்த நம்பிக்கையின் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் படபடப்பை "ஹார்ட்டு" என்று சொல்லும் அதே வாய், ஐம்பத்தைந்து வயதுச் சர்க்கரை நோயாளிக்கு நடுநெஞ்சில் பாறையை வைத்தாற்போல இறுக்கம் வந்து சட்டை நனைய வியர்க்கும்போது "கேஸு, ஒரு சோடா குடி" என்கிறது. இஞ்சிச்சாறு, ஓமத்தண்ணி என்று இரண்டு மணி நேரம் வீணாகிறது. மாரடைப்பில் முதல் சில மணி நேரம்தான் தசையைக் காப்பாற்றும் நேரம். பயப்பட வேண்டிய இடத்தில் துணிச்சல், துணிய வேண்டிய இடத்தில் பயம். ஒரே குழப்பத்தின் இரண்டு பலன்கள் இவை.

மூன்றாவதாக ஒரு கொடுமை. சோதனையெல்லாம் நன்றாக வந்தபின், "ஹார்ட்டுல ஒண்ணும் இல்லியாம், எல்லாம் சும்மா, வேலைக்குள்ள மடி" என்று வீடு கட்சி மாறிவிடும். நேற்று வரை குடம் தூக்காதே என்றவர்கள் இன்று நடிக்கிறாள் என்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: சதையில் கோளாறு இருந்தால்தான் அது நோய், மனதில் என்றால் பொய். அவளுடைய 118 துடிப்பை ஈசிஜி தாளே காட்டியது. அது எப்படிப் பொய்யாகும்? பதற்ற நோய் என்பது சிகிச்சை உள்ள நோய். 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உடல்நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு கொடுக்கச் சொல்கிறது. சட்டம் ஏற்றுக்கொண்டதை வீடு ஏற்கவில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்துப் போன பிறகு தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை கரைகளில் பெண்கள் வாரக்கணக்கில் கடலைப் பார்த்து நின்றார்கள். 2004 டிசம்பர் 26-இன் சுனாமியைக் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் மறக்கவில்லை. அந்த ஊர்களில் காற்று இரைந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஒருத்தியிடம் "ஒனக்கு ஹார்ட்டு வீக்கு" என்பதும் தவறு, "சும்மா இரு" என்பதும் தவறு. என்ன நடந்தது என்று கேட்டு உட்கார்ந்து காது கொடுப்பதுதான் அங்கே முதல் மருந்து.

எல்லாப் படபடப்பும் மனக்கவலைதான் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொன்னால் அது இன்னொரு மூடநம்பிக்கை. 1996-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் படபடப்போடு வந்த 190 பேரை ஆராய்ந்தபோது 43 சதவீதத்தினருக்கு இதயம் சார்ந்த காரணமும் 31 சதவீதத்தினருக்குப் பதற்றம், பீதி போன்ற மனக்காரணமும் இருந்தன. இதயம் சார்ந்தவை என்று எண்ணியவற்றில் முன்சொன்ன முந்தித் துடிப்புகளும் அடக்கம். ஓராண்டில் இறந்தவர்கள் 1.6 சதவீதம். அது பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1997-இல் வந்த இன்னோர் ஆய்வு எதிர்ப்பக்கத் தவறைக் காட்டியது. இதயத்தின் மின்னோட்டப் பாதையில் குறுக்குச்சுற்று இருந்து திடீரென்று வேகம் பிடிக்கும் நோயுள்ள 107 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் அது பிடிபடவில்லை. பலரைப் பதற்றம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் பெண்களே அதிகம். மருத்துவர்கள் இதை மனதில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஒருமுறை முறையாகப் பார்க்கத்தான் வேண்டும். மருத்துவரிடம் போகும்போது "படபடன்னு வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வரும்போது மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். அந்தத் தாளத்தை மேசையில் தட்டிக் காட்டுங்கள். மெல்ல ஏறி மெல்ல இறங்கியதா, சுவிட்ச் போட்டதுபோலத் தொடங்கி சுவிட்ச் அணைத்ததுபோல நின்றதா? சீராக இருந்ததா, தாறுமாறாக இருந்ததா? இந்த இரண்டு பதில்கள் விலையுயர்ந்த சோதனைகள் சொல்வதைவிடக் கூடுதலாகச் சொல்லும். ஈசிஜியோடு ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பாருங்கள்; தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள், ரத்தம் குறைந்தால் இதயம் வேகமாகத்தான் அடிக்கும். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பியூட்டமால்கூடப் படபடப்பைக் கொண்டுவரும். மயங்கி விழுதல், ஓடும்போதும் வேலை செய்யும்போதும் வரும் படபடப்பு, நெஞ்சு இறுக்கம், குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் திடீர்ச் சாவு, ஏற்கெனவே இதய நோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. மயக்கமும் நெஞ்சு இறுக்கமும் அந்த நேரத்திலேயே 108-ஐ அழைக்க வேண்டியவை.

இவையெல்லாம் இல்லையென்று மருத்துவர் சொல்லிவிட்டால் அங்கே இதயத்தின் கதை முடிந்தது. ஆறு மாதத்துக்கொரு எக்கோ வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் வேண்டவே வேண்டாம், அது ஆளைப் பிடித்துக்கொள்ளும். பிரப்பனோலாலை ஆஸ்துமாக்காரர் கைவசம் வாங்கிப் போட்டால் மூச்சுக்கே ஆபத்து. பிறகு செய்ய வேண்டியது பயத்துக்கான வைத்தியம். ஆஸ்திரேலியாவின் கிளேர் வீக்ஸ் இளவயதில் காசநோய் என்று தவறாகச் சொல்லப்பட்டு, சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடந்து, வெளியே வந்தபின் ஓயாத படபடப்பில் தவித்தவர். போருக்குப் போய்வந்த நண்பர் ஒருவர், "அது பயம், எங்களுக்கும் களத்தில் அப்படித்தான் அடித்தது" என்று சொன்னதில் விடுபட்டார். பின்னர் மருத்துவராகி 1962-இல் எழுதிய நூலில் அவர் சொன்ன வழி எளிமையானது: படபடப்பை எதிர்த்துச் சண்டை போடாதே, வரட்டும் என்று விடு, செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர், நாள் ஆகட்டும். இன்று உளவியல் சிகிச்சையில் செய்வதன் சாரமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் தரும் மாத்திரைகளும் உண்டு. அவற்றை எடுப்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம்.

வீட்டிலிருப்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று தெரிந்த அன்றே அவளைப் படுக்கையிலிருந்து எழுப்புங்கள். சங்குத்துறைக் கடற்கரைக்கோ வயல் வரப்புக்கோ கூட நடந்து போங்கள். அவள் முன்னால் "ஹார்ட்டு வீக்கு" என்ற சொல்லை இனி எடுக்காதீர்கள். ராத்திரியில் அடிக்கும்போது, "என்ன மக்கா, எதை நெனச்சு வெப்ராளப்படுக?" என்று கேளுங்கள். உங்களால் கேட்க முடியாவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது: ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.